ஏழாம் கட்டம்

முப்பதாம் நாள் படையலுக்கு மூன்று நாள் இருக்கையில் அங்கம்மாள் கையைக் கழுவிவிட்டாள்.

"நீயே ஆக்கிப் படைச்சிடு. என் கையால வேணாம்."

சத்யப்பிரியா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். மீன்காரி பெற்ற மகள்தான், முப்பது வயதும் ஆகிறது. ஆனால் குழம்பில் மீனை எப்போது போடுவது என்று கேட்டால் முழிப்பாள். அவள் சமைத்துப் படைத்தால், சாப்பிட வருகிற அப்பா பாவம்தான். ஆனால் அதுவல்ல சங்கதி. அவர்கள் வீட்டில் செத்தவருக்கு முதல் படையல் பெண்டாட்டி கையால்தான் நடக்கும். அது தெரிந்தும் அம்மா இப்படிச் சொல்கிறாள் என்றால் மனசுக்குள் எதையோ முடிவு கட்டிவிட்டாள் என்று அர்த்தம்.

"ஏம்மா இப்பிடிப் பேசுற? சித்தப்பா வருவாரு, அத்தைங்க வருவாங்க. கேட்டா என்னான்னு சொல்றது?"

"உள்ளதச் சொல்லு. போ போன்னு வெரட்டுன மனுசன், இவ கையால எப்பிடி வாங்கித் தின்னுவாருன்னு சொல்லு."

சொல்லிவிட்டு அங்கம்மாள் அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். தேங்காய்த்திட்டு ஹார்பரில் மீன் ஏலம் தொடங்கும் நேரம்.

அந்த "போ" என்ன என்பதைச் சொல்லவேண்டும்.

அங்கம்மாளின் புருஷன் தெய்வநாயகம் முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஹார்பரில் படகிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தார். ஏலம் நடக்கிற இடம், நூறு பேர் பார்க்கிறார்கள். அங்கம்மாள் மீன் கூடையோடு ஓடிவந்து, "காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்று கத்தினாள். அவர் குடித்திருக்கவில்லை. அடுத்த மாதம் கை தளர்ந்தது, அதற்கடுத்து நாக்கு குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர், இது தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய் என்றும், மருந்து கிடையாது என்றும், ஆனால் காதும் புத்தியும் கடைசி மூச்சு வரை அப்படியே இருக்கும் என்றும் சொன்னார். "குரல் இருக்கும்போதே பதிஞ்சு வெச்சுக்கோங்க" என்பதையும் அவர்தான் சொன்னார்.

அப்படித்தான் சத்யப்பிரியா அப்பாவின் குரலில் பன்னிரண்டு வார்த்தைகளைச் செல்போனில் பதிந்துகொண்டாள். தண்ணி, ஃபேன், வலிக்குது, திருப்பிப் படுக்க வை என்று அவள் எழுதிக் கொடுத்த வரிசையில் ஒவ்வொன்றாகச் சொன்னார். "போ" என்ற வார்த்தை வந்தபோது மட்டும், "இது எதுக்குடி?" என்று கேட்டார். "யாராவது வந்து தொணதொணன்னு பேசுனா வெரட்ட வேணாமா?" என்றாள். அவர் சிரித்துவிட்டு, கடலில் பக்கத்துப் படகுக்காரனை விலகச் சொல்கிற குரலில் "போ!" என்று ஒரு சத்தம் போட்டார். இருவரும் சிரித்தார்கள்.

குரல் முழுக்கப் போய், கடைசியில் வலதுகை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிஞ்சியது. அந்த விரலுக்காக அவள் பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதினாள். திரையில் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோ, கீழே பெயர். ஒரு மஞ்சள் சட்டம் இரண்டு வினாடிக்கு ஒரு கட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய கட்டத்துக்கு அது வந்ததும் விரலடியில் இருக்கிற சுவிட்சை அழுத்தினால், அப்பாவின் குரல் அந்த வார்த்தையைச் சொல்லும். ஏழாவது கட்டத்தில் நாற்காலி படம் போட்டு "உக்காரு". எட்டாவதில் கதவு படம் போட்டு "போ". ஒன்றுக்கொன்று எதிர் வார்த்தைகளாயிற்றே, பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நினைவு வைக்க வசதி என்று அவளே அடுக்கினாள். ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய லேப்டாப் ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் போட்டு, கட்டிலுக்கு எதிரே நிறுத்தினாள். காலை ஏழு மணிக்குப் போடுவாள், இரவு ஒன்பதுக்கு அணைப்பாள்.

பகலெல்லாம் அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அப்பா கேட்டது அநேகமாகச் சரியாகவே வந்தது. ஆறு மணிக்கு அங்கம்மாள் தெருவெல்லாம் மீன் விற்றுவிட்டு உப்பளம் பகுதியில் இருந்த வீட்டுக்குத் திரும்புவாள். அந்த நேரத்துக்கு சத்யப்பிரியாவுக்கு வெளிநாட்டு மீட்டிங்குகள் ஆரம்பிக்கும். அம்மாவிடம் அப்பாவை ஒப்படைத்துவிட்டு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது வரை பேசுவாள். அங்கம்மாள் கட்டில் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். இரண்டு நிமிஷத்தில் திரையிலிருந்து புருஷன் குரல், "போ!" என்று கத்தும்.

முதல் நாள் அங்கம்மாள் மீன் நாற்றம் என்று நினைத்தாள். எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தாள். "போ!" மறுநாள் தலைக்கே குளித்து, வேறு புடவை கட்டி வந்தாள். "போ! போ!" பிறகு அவளுக்கு அந்த ஹார்பர் நாள் நினைவுக்கு வந்துவிட்டது. நூறு பேர் முன்னால் குடிகாரன் என்று சொன்னவளை எந்த ஆம்பிளை மன்னிப்பான் என்று நினைத்தாள். மகளிடமும் சொன்னாள்.

"உங்கப்பா என்னப் பார்த்தாலே போன்னு சொல்றாருடி."

"சாயங்காலம் ஆனா உடம்பு அசந்துபூடும்மா. இந்த நோவுல கோவமும் வரும், டாக்டர் சொல்லியிருக்காரு. நீ மனசுல வெச்சிக்காத."

இப்படிப் படித்தவள் மாதிரி ஒரு பதிலைச் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போனாள் சத்யப்பிரியா. நான்கு மாதம் அப்படியே ஓடியது. தெய்வநாயகம் ஒருநாள் விடியலில் தூக்கத்திலேயே மூச்சை விட்டார்.

இனி படையல் சங்கதிக்கு வருவோம். அங்கம்மாள் கையைக் கழுவிய அன்று பதினோரு மணிக்கு வினோத்குமார் போன் செய்தான். அப்பாவுக்குக் கை கால் நீவிவிட வந்த பிசியோதெரபிஸ்ட். பிள்ளைச்சாவடியில் கார்குழலி என்று ஒரு டீச்சருக்கு இதே நோய் என்று, போன வாரம்தான் அந்தப் புரோகிராமை வாங்கிக்கொண்டு போயிருந்தான். அந்த வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் சத்யப்பிரியாவே போனில் சொல்லச் சொல்லப் போட்டிருந்தார்கள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. காலைல நல்லா ஓடுது. மத்தியானத்துக்கு மேல மக்கர் பண்ணுது. தண்ணின்னு அழுத்துனா ஃபேன்னுது."

"வெரல் லேட்டா அழுத்துவாங்க வினோத். ரெண்டு செகண்ட மூணா வெச்சிடுங்க."

"இல்லக்கா, அவங்களுக்குக் கை இன்னும் கொஞ்சம் ஓடுது. சிலேட்ல எழுதிக் காட்டுறாங்க. என்ன எழுதினாங்கன்னு படிக்கட்டுமா? 'படம் பின்னால் வருகிறது. கணக்கு முன்னால் போகிறது.' டீச்சராச்சே, சுருக்கமா எழுதிட்டாங்க."

போனை வைத்த பிறகும் சத்யப்பிரியா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். படம் பின்னால் வருகிறது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? மெதுவாக வரைகிற திரைகளை வேகமாக்குவதுதான் அவள் பிழைப்பே. எங்கோ ஒரு தொழிற்சாலையில் வரைபடம் நகர முக்கால் வினாடி ஆகிறது என்று புகார் வந்தால், சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் சரி செய்கிறவள் அவள்.

பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தாள். தன் புரோகிராமைத் திறந்து படித்தாள். லீவு போட்டுவிட்டு, அப்பாவின் விரல் போவதற்குள் முடிக்கவேண்டும் என்று அவசரத்தில் எழுதியது. படிக்கப் படிக்க முகம் சுண்டியது. மஞ்சள் சட்டம் ஒரு கட்டம் நகரவேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்கு அவள் புரோகிராம் பன்னிரண்டு கட்டத்தையும் புதிதாக வரைந்தது. பன்னிரண்டு போட்டோவையும் ஒவ்வொரு தடவையும் டிஸ்கிலிருந்து எடுத்து, சுருக்கி, ஒட்டியது. இதுகூடப் பரவாயில்லை. முன்பு வரைந்ததை அது அழிக்கவே இல்லை. பழைய பலகைமேல் புதுப் பலகை, அதன்மேல் இன்னொன்று. மேலே இருப்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும் என்பதால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் அடியிலிருந்து எல்லாவற்றையும் வரைந்துகொண்டுதான் மேலே வரவேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பிள்ளை இப்படி எழுதியிருந்தால் அவள் கூப்பிட்டுத் திட்டியிருப்பாள்.

கணக்குப் போட்டாள். கட்டத்துக்கு மூன்று உருப்படி, ஆக முப்பத்தாறு. இரண்டு வினாடிக்கு ஒரு தடவை. காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஆறுக்குள் ஏழு லட்சம் உருப்படிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். அத்தனையையும் ஒரே மூச்சில் அடுக்கச் சொல்லிவிட்டு, ஒரு தடவை வரைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தாள். காலையில் கண் இமைக்கிற நேரம்கூட ஆகாதது, சாயங்காலக் கணக்கில் இரண்டு வினாடிக்கு மேல் இழுத்தது.

அதாவது ஒரு முழுக் கட்டம்.

இதில் அவளுடைய கெட்டிக்காரத்தனம் வேறு சேர்ந்திருந்தது. திரை மெதுவானாலும் சுவிட்ச் அழுத்துவது தவறிப்போகக்கூடாது என்று, எந்தக் கட்டம் என்று எண்ணுகிற வேலையை அவள் வரைகிற வேலையிலிருந்து தனியாகப் பிரித்து ஓடவிட்டிருந்தாள். எண்ணிக்கை கடிகாரம் பிசகாமல் ஓடியது. திரை பின்னால் நொண்டிக்கொண்டு வந்தது. திரை "ஏழு" என்று காட்டும்போது எண்ணிக்கை எட்டுக்குப் போயிருக்கும். எண்ணிக்கை எதுவோ அதைத்தான் குரல் சொல்லும்.

கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை.

அந்தப் புரோகிராம் ஒவ்வொரு அழுத்தலையும் ஒரு வரியாகக் குறித்து வைத்திருந்தது. அழுத்திய நேரம், சொன்ன கட்டம், அப்போது திரையில் இருந்த கட்டம். முதல் வாரம் சரிபார்ப்பதற்காகப் போட்டு, எடுக்க மறந்த வரி. அதை அவள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இப்போது திறந்தாள்.

காலை வரிகளில் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தன. மத்தியானம் மூன்று மணி வரைக்கும் அப்படித்தான். அதற்கு மேல் அங்கங்கே ஒன்றிரண்டு பிசகியிருந்தன; விரல் தவறிவிட்டது என்று அவள் அப்போது விட்டிருந்தாள். ஆறு மணிக்கு மேல், திரையில் ஏழு, சொன்னது எட்டு. திரையில் ஏழு, சொன்னது எட்டு. மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான். சில நாள் ஐந்து நிமிஷத்துக்குள் ஒன்பது தடவை இருந்தது.

அவர் "உக்காரு" என்று அழுத்தியிருக்கிறார். தன் குரல் "போ" என்று கத்துவதைத் தன் காதாலேயே கேட்டிருக்கிறார். பெண்டாட்டி எழுந்திருப்பதைப் பார்த்து, இல்லை இல்லை உட்காரு என்று அவசர அவசரமாக மறுபடி அழுத்தியிருக்கிறார். அது மறுபடி "போ" என்றது.

பத்தாவது கட்டம் "இல்ல", பதினொன்றாவது "ஆமா". ஒரு சாயங்காலம் ஆறு இருபதுக்குத் திரையில் பத்து, சொன்னது பதினொன்று. அன்று அம்மா என்ன கேட்டிருப்பாள் என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும். அம்மாவே அழுதுகொண்டு வந்து சொல்லியிருக்கிறாள். "என் மேல கோவமான்னு கேட்டன்டி. ஆமான்றாரு."

அப்பா சும்மாவும் இருந்துவிடவில்லை. இரண்டாவது மாதத்தில் ஒரு வாரம் முழுக்க அவர் ஏழை விட்டுவிட்டு ஆறில் அழுத்தியிருந்தார். ஆறாவது கட்டம் டிவி. சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி போடச் சொல்கிற ஆளில்லை அவர். நீரோட்டம் இழுக்கிற தூரத்தைக் கணக்கு வைத்து முகத்துவாரத்துக்கு முன்னாலேயே படகைத் திருப்புகிறவர். ஒரு கட்டம் தள்ளிப்போகிறது என்று கண்டுபிடித்து, ஒரு கட்டம் முன்னாலேயே குறி வைத்திருக்கிறார். ஆனால் இந்த ஓட்டம் நிதானமாக இல்லை. ஒரு நேரம் ஒரு கட்டம் பிந்தியது, ஒரு நேரம் இரண்டு, ஒரு நேரம் பிந்தவே இல்லை. பதினாறு தடவையில் மூன்று தடவைதான் "உக்காரு" வந்தது. மற்றதெல்லாம் டிவி என்றும் போ என்றும் போயின. அந்த வாரத்தில்தான் அம்மா, "உக்காருன்றாரு, ஒடனே டிவின்றாரு, போன்றாரு, புத்தி கலங்கிடுச்சு போல" என்று சொன்னாள். புத்தி கலங்காது என்று டாக்டர் சொன்னது தெரிந்தும், மகள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. ஒரு காலை, பத்து நாற்பது. ஐந்தாவது கட்டம், பிறகு ஏழாவது. "அங்கம்மா", "உக்காரு". மறுநாள் காலையும் அதே இரண்டும். எட்டு நாள் தொடர்ந்து அதே இரண்டும். காலையில் இயந்திரம் சரியாகப் பேசுகிறது என்று தெரிந்து, மகள் வழியாகச் சொல்லி அனுப்பப் பார்த்திருக்கிறார். அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அம்மா ஆறு மணிக்கு வந்துடும்பா, அதுவரைக்கும் நான் உக்காரன்" என்று சொல்லிவிட்டு, பெரிய புண்ணியவதி மாதிரி அவளே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கீழ்வீட்டு நிர்மலா அக்கா படியேறி வந்து, அப்பா நினைப்பாக்கும் என்று முதுகைத் தடவிவிட்டுப் போனாள்.

சரி செய்ய எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? நாற்பது நிமிஷம். பன்னிரண்டு கட்டத்தையும் ஆரம்பத்தில் ஒரே ஒரு முறை வரைவது. போட்டோக்களை ஒரே முறை எடுத்துச் சுருக்கி வைத்துக்கொள்வது. பிறகு ஒவ்வொரு தடவையும் பழைய கட்டத்தின் சட்டத்துக்கு நிறத்தை எடுத்து, புதுக் கட்டத்தின் சட்டத்துக்கு நிறம் கொடுப்பது. அவ்வளவே. எண்ணிக்கையை நம்பாமல் திரையில் இருக்கிற கட்டத்தையே சொல்லும்படி இன்னொரு வரியும் மாற்றினாள். பதினொரு மணி நேரத்துச் சுற்றுகளையும் ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு அளந்தாள். முதல் நிமிஷமும் கடைசி நிமிஷமும் ஒன்றுபோலவே இருந்தன. நாற்பது நிமிஷ வேலைக்கு நான்கு மாதம். வினோத்குமாருக்கு அனுப்பிவிட்டு, "டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று எழுதினாள்.

மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால், புருஷன் தன்னை வெறுத்துச் செத்தான் என்ற பாரம் அம்மாவுக்கு இறங்கும். ஆனால் அதைவிடப் பெரிய பாரம் ஏறும். உட்காரச் சொல்லி நான்கு மாதம் கெஞ்சியிருக்கிறார், இவள் எழுந்து எழுந்து போயிருக்கிறாள். சொல்லாமல் விட்டால், அங்கம்மாள் மிச்ச ஆயுசுக்கும் விரட்டப்பட்டவளாகவே இருப்பாள். சொல்லாமல் இருக்க ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசை அம்மாவுக்காக இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் என்று அவளுக்கே தெரிந்ததால், சொல்வதென்று முடிவு செய்தாள்.

அன்று சாயங்காலம் அவள் மீட்டிங் எதிலும் சேரவில்லை. அங்கம்மாள் வந்து குளித்து, ஈரத்தலையோடு ஒரு டம்ளர் டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"யம்மா, அப்பா உன்னப் போவச் சொல்லல."

"இப்ப என்னாத்துக்கு அது?"

சத்யப்பிரியா சொன்னாள். திரை, எண்ணிக்கை என்றெல்லாம் ஆரம்பித்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு, பழைய புரோகிராமையே ஓட்டிக் காட்டினாள். "இது சாயங்காலம் ஆறு மணிக்கு இருந்த மாதிரிம்மா. இப்ப மஞ்ச கோடு நாற்காலில நிக்கிது பாரு. நீ அழுத்து."

அங்கம்மாள் அழுத்தினாள்.

"போ!" என்றார் தெய்வநாயகம்.

அங்கம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். நாற்காலி படத்தைப் பார்த்தாள். மறுபடி அது சுற்றி வரும் வரை காத்திருந்து, நாற்காலிக்கு வந்ததும் அழுத்தினாள். "போ!" மூன்றாம் தடவை அழுத்தப் போன கையை மகள் பிடித்துக்கொண்டாள்.

"என் தப்பும்மா. நான் எழுதுனது தப்பு. அப்பா தெனம் உன்ன உக்காரத்தான் சொல்லியிருக்காரு."

"ஆமா" என்றாள் அங்கம்மாள். "உன் தப்புதான்."

சத்யப்பிரியா இதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். ஆனாலும் அம்மா, போகட்டும் விடு என்று சொல்லிவிடுவாள் என்று மனசின் மூலையில் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது. அது போனது.

பிறகு அங்கம்மாள் சொன்னாள். "என் தப்பு மட்டும் கொறச்சலா? முப்பத்திரெண்டு வருசம் அவரு வாயத் தெறக்காமயே, மூஞ்சியப் பார்த்து எல்லாம் தெரிஞ்சிக்கிட்டவ நானு. கரைக்கு வரும்போதே மீன் பட்டுச்சா இல்லியான்னு மூஞ்சியில தெரியும். அந்தப் பொட்டி வந்த நாளா அவரு மூஞ்சியப் பார்த்தனா? பொட்டிதான் பேசுது, எம்பொண்ணு படிச்சிப்புட்டு செஞ்ச பொட்டி, அது பொய் சொல்லுமான்னு அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். கண்ண உருட்டுவாருடி. அப்பிடி உருட்டுவாரு. கோவம்னு நெனச்சேன்."

மகள் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியவில்லை.

"கடைசியில ஒரு பத்து நாளு" என்றாள் அங்கம்மாள் திடீரென்று. "அப்ப மட்டும் போன்னு சொல்லவே இல்லியே. அது ஏன்? அப்ப மட்டும் பொட்டி சரியா இருந்துச்சா?"

சத்யப்பிரியா அந்த நாட்களை மட்டும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. போய் எடுத்துப் பார்த்தாள். கடைசிப் பதினொரு நாள். காலையில் வழக்கம்போல நிறைய வரிகள். மத்தியானம் இருந்தன. ஐந்தே முக்கால் வரைக்கும் இருந்தன. அதற்குப் பிறகு இரவு ஒன்பது வரைக்கும் ஒன்றுமே இல்லை. பதினொரு நாளும் அப்படித்தான்.

"பொட்டி அப்பவும் அப்பிடித்தாம்மா இருந்துச்சு. அப்பா அழுத்தல. காலையிலல்லாம் அழுத்தியிருக்காரு. நீ வந்தப்புறம் ஒருவாட்டி கூட அழுத்தல."

"வெரலு ஓஞ்சிபோச்சா?"

"இல்லம்மா. மறுநாள் காலையில அழுத்தியிருக்காரு பாரு."

அங்கம்மாள் அந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எண்கள் படிக்கத் தெரியும். நேரத்தைப் படித்தாள். ஐந்து நாற்பத்திரண்டு. அதற்கடுத்த வரி மறுநாள் ஏழு பத்து.

"அந்தப் பத்து நாளும் நான் உக்காந்துருந்தேன்" என்றாள். "வெரட்டக் கூட தெம்பு இல்லாம போச்சே, சரி நம்ம உக்காருவோம்னு உக்காந்துருந்தேன். ஒம்போது மணி வரைக்கும் கையப் புடிச்சிக்கிட்டு."

பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"ஒம்போது மணிக்கு நீ வந்து ஸ்பூன்ல தண்ணி வெப்பல்ல. அந்த நாள்லல்லாம் எப்பிடி முழுங்குவாரு, பார்த்தியா? வாயெல்லாம் ஒட்டிக் கெடக்கும். என்னாடா இது, இவ்வளோ தாகத்த வெச்சிக்கிட்டு கேக்காம கெடக்குறாரேன்னு நான் நெனச்சேன்டி. அழுத்துனா அது எதுனா சொல்லி நான் எழுந்து போயிடுவேன்னு தண்ணி கூட கேக்கல அந்த மனுசன். மூணு மணி நேரம். நான் பக்கத்துலயே உக்காந்துருக்கேன். தெனம் மூணு மணி நேரம்."

இரண்டு பேரும் அழுதார்கள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

படையலன்று அங்கம்மாள் தேங்காய்த்திட்டுக்குப் போய், விற்பதற்கு ஒன்றும் எடுக்காமல், ஒரே ஒரு வஞ்சிரத்தை மட்டும் பேரம் பேசாமல் வாங்கி வந்தாள். மகளை அடுப்பங்கரைப் பக்கம் விடவில்லை. குழம்பும் வறுவலும் சோறும் அவள் கையாலேயே ஆனது. இலை போட்டு, பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்தாள். சொந்தக்காரர்கள் விழுந்து கும்பிட்டார்கள்.

கும்பிட்டு முடிந்ததும் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்வரை அந்த அறையில் ஆள் இருக்கக்கூடாது. தெய்வநாயகத்தின் தம்பி கோவிந்தசாமி வாசலில் நின்று ஒவ்வொருவரையாக வெளியே அனுப்பினார். அங்கம்மாள் மட்டும் இலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, எழுந்து வாங்க. ஆளு இருந்தா அவரு வரமாட்டாரு. கொஞ்ச நேரம் அப்பிடிப் போயி நின்னுட்டு வருவோம்."

"நீங்க போங்க" என்றாள் அங்கம்மாள், இலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "நான் போவமாட்டேன்."

கோவிந்தசாமி சத்யப்பிரியாவைப் பார்த்தார். உன் அம்மாவுக்குச் சொல்லக்கூடாதா என்பதுபோலப் பார்த்தார். அவள் அம்மாவை உள்ளேயே விட்டுக் கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.